ரிஜெக்ட் சார் மேடை ஏறிய கோடை

ஆம்பூரில் தொடங்கி ஆற்காட்டைத் தாண்டும் வரை, ரிஜெக்ட் சார் குறை கண்டுபிடிக்காத பொருள் என்று ஒன்று கிடையாது. சூரியன் உதித்தாலும் "அஞ்சு நிமிஷம் லேட்டு" என்று சொல்லக்கூடிய மனிதர். எங்கள் ஊர் வெயிலை மட்டும் விட்டுவைத்திருந்தார். "அது ஓவர் புரொடக்‌ஷன். நம்ம கையில இல்ல" என்பார்.

நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். தையல் லைனில் முடிந்து வரும் ஒவ்வொரு ஷூவையும் கையில் எடுப்பார், திருப்புவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து ஒட்டி, "ரிஜெக்ட்" என்பார். அம்பு காட்டும் இடத்தில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு தையல் விட்டுப் போயிருக்கும். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் பேக்கிங் பிரிவு என்பதால் "பேக்கிங்!" என்றுதான் குரல் வரும்.

ஒருமுறை ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்குகிறவர் வந்திருந்தார். ஜெனரல் மேனேஜர் கும்பிட்ட கையோடு பின்னால் நடந்துகொண்டிருந்தார். ரிஜெக்ட் சார் குனிந்தார். வெள்ளைக்காரர் காலில் போட்டிருந்த ஷூவின் நுனியில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ற?" மேனேஜருக்கு வேர்த்துவிட்டது.

"தையல் விட்டிருக்கு சார். நம்மது இல்ல, பயப்படாதீங்க. வேற கம்பெனி."

வந்தவர் ஷூவைக் கழற்றிப் பார்த்தார். ஒரே சிரிப்பு. ஆர்டர் கிடைத்தது. மேனேஜர் மட்டும் ஒரு வாரம் ரிஜெக்ட் சாரோடு பேசவில்லை.

கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்கார ஆட்கள் போட்டி போடுவார்கள். பிரியாணியை ஒரு வாய் மென்றுவிட்டு, கம்பெனியில் பேசும் அதே குரலில் அறிவிப்பார். "அரிசி பாஸ். கறி பாஸ். கத்திரிக்கா ரீவொர்க். மாப்பிள்ளை ஷெர்வானி தோள்ல அரை இன்ச் லூஸு. பரவால்ல, ஒரு வருஷத்துல அவரே ஃபில் பண்ணிடுவாரு." பந்தியே புரண்டு சிரிக்கும். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு உண்மையாகவே புரியாது என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன்.

போன வருஷம் மாசியில், கேன்டீனில் என் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். ஒருத்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் மாமனார் வீட்டைப் பற்றிப் பேசுகிறான், கூட்டம் கைதட்டுகிறது. ஸ்டாண்ட்-அப் காமெடி என்று விளக்கினேன். முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத்தைத்தானே நான் தினம் லைன்ல பேசறேன். இதுக்குக் கை வேற தட்டறாங்களா?"

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டார். வேலூரில் கல்லூரிப் பிள்ளைகள் கூடும் ஒரு காபிக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பேசலாம் என்று விசாரித்து வைத்திருந்தார். என்னையும் துணைக்கு இழுத்துப் போனார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. உள்ளே ஏசி குளிர். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்க வை பார்க்கலாம் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"வூட்ல நான் ஷூவுக்குள்ள இருக்கிற லைனிங் மாதிரி. தேயறது பூரா நானு. வெளிய பளபளன்னு தெரியறது என் மச்சான்."

காபி மிஷின் மட்டும் புஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டது. லைனிங் என்றால் ஷூவின் உட்புறம் வைத்துத் தைக்கும் மெல்லிய தோல் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. மீதி நான்கு நிமிடமும் அப்படியே போனது. முன் வரிசையில் ஒரு பெண் இரக்கப்பட்டுப் புன்னகைத்தாள். அதுதான் அவரை ரொம்பக் குத்தியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சீட்டு கிழிந்திருந்தது, ஜன்னல் மூடவில்லை, டிரைவர் ஒவ்வொரு பள்ளத்தையும் தேடித் தேடி இறக்கினார்.

"பஸ் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஊர் வரும்வரை அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கம்பெனியில் நடந்தது இன்னும் மோசம். எல்லாவற்றையும் பாஸ் போட ஆரம்பித்துவிட்டார். ஷூவைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. தையல் பிரிவு வசந்தா அக்கா, அவர் ஒட்டிய அம்புகளாலேயே பதினைந்து வருஷம் திட்டு வாங்கியவள், மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னா ஆச்சுபா அந்த ஆளுக்கு? நேத்து என் தையல் கோணிக்கினு போச்சு. நானே பார்த்தேன். பாஸ் போட்டுட்டாரு. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வர்ல."

"மனசு சரியில்லக்கா."

"பேச்சே காணோம். சோறு எறங்க மாட்டேங்குது எங்களுக்கு."

இரண்டு கப்பல் சரக்கு இப்படிப் போனால் திரும்பி வந்துவிடும், அவர் வேலையும் போய்விடும். அவரிடம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த நிலையில் எங்கள் தெரு அம்மன் திருவிழா வந்தது. விழாக்குழுவில் நான் செயலாளர். கோடையின் உச்சம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு காலோடு வரமாட்டேன் என்றது. மத்தியானம் கூழ் ஊற்றி முடித்து, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட்டுக் கச்சேரி, ராத்திரி தேர். கம்பெனிக்கு லீவு, பள்ளிக்கூடத்துக்கு லீவு, ஊரே பந்தலில் இருந்தது. ஐந்து மணிக்குப் போன் வந்தது. கச்சேரிக்காரர்கள் வேன் காவேரிப்பாக்கம் பக்கத்தில் படுத்துவிட்டது.

விழாக்குழுத் தலைவர், மீசையைத் தடவாமல் ஒரு வாக்கியம் பேசாதவர், என் தோளைப் பிடித்து உலுக்கினார். "யாரையாச்சும் ஏத்துப்பா! ஜனம் எழுந்து போய்ட்டா திரும்ப வராது. தேர் வடம் யாரு இழுக்கிறது?"

வேப்பமர நிழலில் ரிஜெக்ட் சார் மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"வேணாம் பேக்கிங். நான் ரிஜெக்ட் ஆன பீஸு. எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பாதே."

"எக்ஸ்போர்ட் இல்ல சார், லோக்கல்."

பின்னாலேயே வந்த வசந்தா அக்கா அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். "ஏறுங்க சார். எங்களத் திட்டறதுக்கு உங்களுக்கு மைக்கு தர்றாங்க. யாருக்குக் கெடைக்கும்?"

ஏறினார். மைக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காபிக் கடையில் ஆரம்பித்த அதே இடத்தில் ஆரம்பித்தார். "வூட்ல நான் லைனிங் மாதிரி..."

"கேக்கல! சத்தமா பேசுபா!" என்று முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கத்தினாள்.

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். "கேட்டாலும் நீ சிரிக்கமாட்டேம்மா. வேலூர்ல ஏசி ரூம்ல எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சு. ஒருத்தர் சிரிக்கல."

முதல் சிரிப்பு விழுந்தது. பிறகு லைனிங்கைச் சத்தமாகச் சொன்னார். பந்தலில் பாதிப்பேர் காலையிலிருந்து மாலை வரை லைனிங் தைக்கிற பெண்கள். மச்சான் என்ற சொல் வருவதற்கு முன்பே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வசந்தா அக்கா பக்கத்திலிருந்தவள் முதுகில் அறைந்து சிரித்தாள்.

அதன்பின் அவர் எழுதி வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. திருவிழாவையே கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். "கூழு பாஸ். வெங்காயம் கம்மி. பந்தல் ஃபிட்டிங் யாருப்பா? நெழல் அந்தப் பக்கம் விழுது, ஜனம் இந்தப் பக்கம் வேவுது." மைக் கிய்யென்று கத்தியது. "பாரு, இதுக்கே வெயில் தாங்கல." பிறகு மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மன் படம் சைஸ் ஆறு. தலைவர் படம் சைஸ் பதினொண்ணு. ரெண்டும் ஒரே ஜோடின்னு எப்படிப்பா பெட்டில போட்டீங்க?"

தலைவர் எழுந்தார். மீசையைத் தடவினார். மேடையை நோக்கி நடந்தார். நான் ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். தலைவர் பேனருக்கு எதிரில் நின்று, இடுப்பில் கைவைத்து, மேலும் கீழும் பார்த்தார்.

"ஆமாம்பா" என்றார். "டேய், எவன்டா இத்த அடிச்சது? ரிஜெக்ட் பண்ணுங்கடா!"

அந்தச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. கச்சேரிக்காரர்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தபோது, "அவங்க மோர் குடிக்கட்டும், நீங்க பேசுங்க சார்" என்று பெண்கள் அவர்களை உட்கார வைத்துவிட்டார்கள்.

இறங்கியதும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நெஜமா சிரிச்சாங்களா பேக்கிங்? இல்ல, பாவம்னு சிரிச்சாங்களா?"

"பாவம்னு சிரிச்சா பல்செட்டு கழண்டு விழாது சார்." முன் வரிசையில் ஒரு பெரியவருக்கு அது நடந்திருந்தது.

மறுநாள் காலை வசந்தா அக்காவின் மேஜையில் ஒன்பது ஜோடி ஷூ சிவப்பு அம்புகளோடு திரும்பி வந்தது. "சார் வந்துட்டாரு!" என்று அவள் லைன் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

புதிதாக நகைச்சுவை பேச வருகிறவர்களுக்குக் கோடைத் திருவிழாவைவிட நல்ல இடம் இல்லை என்று நான் அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லி வருகிறேன். அங்கே ஒருவரும் பேசுகிறவருக்காக வரவில்லை, அதனால் ஏமாறவும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் மௌனமாக உட்கார்ந்து கொல்லமாட்டார்கள், சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். சொன்னால் பதில் பேசலாம். ஒரு ஜோக் படுத்துவிட்டால் பம்பைக்காரர் மேளம் அடித்து மூடிவிடுவார். அடுத்த வாரம் அடுத்த ஊர். கேட்கிறவர்களுக்கும் அதுதான் நல்ல இடம். வருஷம் முழுக்க மணிக்கு இத்தனை ஜோடி என்று குனிந்து தைத்தவர்களுக்கு, நிமிர்ந்து உட்கார்ந்து தலைவர் சைஸைப் பற்றிச் சிரிக்க வேறு எங்கே இடம் இருக்கிறது?

இப்போது சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அவருக்கு ஓய்வில்லை. நோட்டீஸில் "வளரும் கலைஞர்" என்று போடுகிறார்கள். வயது நாற்பத்தொன்பது. "எந்த சைஸ் வரைக்கும் வளரணும்னு போடலியே" என்று அதிலும் குறை கண்டார். இந்த வருஷம் சென்னையில் ஒரு பெரிய அரங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே நாள் திமிரி பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் ஒத்துக்கொண்டிருந்தார். சென்னைக்குப் போங்கள் என்று கெஞ்சினேன்.

"அங்க சிரிக்கணும்னே கிளம்பி வருவாங்க. அவங்களுக்கு வேற ஆளு கிடைப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் திமிரி பஸ்ஸில் ஏறிவிட்டார். இடம் பிடித்து என்னையும் கூப்பிட்டார்.

கோடையில் அவரோடு திருவிழாக்களுக்குப் போக நான் கம்பெனியில் லீவு கேட்கும்போதெல்லாம் காரணம் எழுதச் சொல்வார்கள். நெருங்கிய சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று எழுதுகிறேன். எழுதும்போது பொய் சொல்வதாக எனக்குத் தோன்றுவதே இல்லை.