நான்கு நாள் தூங்கிய குட்டி

படித்தவள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அதன் பிறகு கண்ணைத் திறந்து பார்க்கத் தேவையில்லை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரி வாசலையும் மிதித்த முதல் ஆள் நான். மாத்திரை அட்டை முதல் கரண்ட் பில் வரை நான்தான் வாசித்துச் சொல்வேன். (கேட்காவிட்டாலும் சொல்வேன்.)

விலங்கியல் முதுகலையின் கடைசி வருடம். அழகர்மலை அடிவாரத்தில் ஒரு குரங்குக் கூட்டத்தின் குட்டி எப்படி வளர்கிறது என்று மூன்று வாரம் பார்த்து எழுத வேண்டும். செமினாரில் அது என் பேராசிரியை மேடத்துக்குப் பிடித்துவிட்டால், அவருடைய ஆய்வில் இரண்டு வருட வேலை. பிடிக்காவிட்டால், அத்தை பார்த்து வைத்திருக்கும் பரவை ஊர் மாப்பிள்ளை. (நல்லவர்தான். குரங்குகள் மட்டும் அவரிடம் இல்லை.)

என் குட்டிக்கு 'சமத்து' என்று பெயர் வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது என்ன செய்கிறது என்று படிவத்தில் டிக் போட வேண்டும். பால், நடை, விளையாட்டு, தூக்கம் என்று நான்கு கட்டங்கள். கருத்த மயிரும் சுருங்கிய முகமுமாகத் தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டிருந்த சமத்து, இரண்டாம் வாரம் தரையில் இறங்கி, தன் வாலைத் தானே மிதித்து விழுந்தது. பெற்றவளைப் போலப் பூரித்தேன்.

மூன்றாம் வாரம், திங்கட்கிழமை. புளியமரத்தில் தாயும் குட்டியும் மட்டும் இருந்தன. கூட்டம் மொத்தமும் எதிர் மரத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. 'தாய்க்குத் தனிமை தருகின்றன' என்று எழுதினேன். சமத்து தூங்கியது. டிக்.

செவ்வாயும் தூங்கியது. முகத்தில் உட்கார்ந்த ஈக்களைத் தாய் ஒவ்வொன்றாக ஓட்டியது. 'சுத்தம்' என்று எழுதினேன். விளையாட வந்த இன்னொரு குட்டி, மோந்து பார்த்துவிட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போனது.

புதன்கிழமை காற்றில் ஒரு வாடை. புளிச்சோறு கெட்டுவிட்டது என்று கீழே கொட்டினேன். (சாயங்காலம் அம்மாவோடு பெரிய சண்டை.) கையில் இருப்பதைப் பிடுங்கித் தின்கிற கூட்டம் அது. கொட்டிய சோற்றுக்கு ஒரு குரங்கும் அந்த மரத்தடிக்கு வரவில்லை.

வியாழக்கிழமை தாய் மெல்ல இறங்கி வந்து, குட்டியை என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளிக் கிடத்தியது. என்னைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. இப்போது நினைத்தால் முதுகில் எறும்பு ஊர்கிறது. அன்றைக்குப் பெருமைதான் ஊர்ந்தது. 'என்னை முழுதாக நம்பிவிட்டது' என்று எழுதி, தாய் குட்டியைத் திரும்ப அள்ளிக்கொண்டதும் போட்டோவும் எடுத்தேன். சமத்தின் வாய் லேசாகத் திறந்திருந்தது. சிரிக்கிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை செமினார். என் பெருமையைப் பார்க்க அம்மாவையும் அத்தையையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். அத்தை ஆடு வளர்ப்பவர்; மைக் இல்லாமலே நாலு காடு தாண்டிக் கேட்கும் குரல். "வாயத் திறக்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"மூன்றாம் வாரத்தில் குட்டியின் தூக்கம் கூடுகிறது. அழுகை அறவே நின்றுவிடுகிறது" என்றேன். சுவர் நிறையச் சமத்து தெரிந்தது.

"ஏத்தா பேச்சி," என்றார் அத்தை. "அது செத்துல்ல போச்சு."

சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"தூங்குது, அத்தே."

"எம்புட்டு நேரமா?"

"நாலு நாளா."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்லாப் பாரு. குட்டி ஆத்தாளப் பிடிக்கல. ஆத்தாதான் குட்டியப் பிடிச்சிருக்கா."

படங்களைப் பின்னோக்கித் தள்ளினேன். புதன், செவ்வாய், திங்கள். எல்லாவற்றிலும் அந்தச் சின்னக் கை தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதுவும் பாதியில் நின்றது.

மேடம் என் படிவங்களைப் புரட்டினார். "பையைப் பிடுங்குறதால குரங்கு நிறைய இருக்குன்னு ஊரே நினைக்குது. எத்தனை குட்டி வளருது, எத்தனை எந்த வயசுல சாகுதுன்னு தெரிஞ்சாத்தான் அதுகளைக் காப்பாத்த வழி தேட முடியும். நீ இப்படி டிக் போட்டா, மரம் காலியான பிறகும் தாள்ல கூட்டம் நிறைஞ்சிருக்கும்."

பரவை மாப்பிள்ளையின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

"கடைசியா எப்போ பால் குடிச்சிருக்கு?"

தாளைப் பார்த்தேன். "ஞாயிறு சாயங்காலம் அஞ்சு இருபது, மேடம்."

"ஒரு டிக்கைக்கூட விடல. முட்டாள்தனத்தையும் நேரம் போட்டு எழுதியிருக்க." படிவத்தைத் திருப்பித் தந்தார். "திங்கள்ல இருந்து வேலைக்கு வா. அஞ்சாவதா ஒரு கட்டம் போட்டுக்கோ."

திங்கட்கிழமை போனேன். தாய் அதே மரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. குட்டி இல்லை. ஒரு கை மட்டும் எதையோ அணைத்தபடி மடங்கியே இருந்தது. ஐந்தாவது கட்டத்தில் முதல் டிக்கைப் போட்டேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை அசையாமல் தூங்கினாலும், "பேச்சியக் கூப்புடுங்க, டிக் போடட்டும்" என்பார் அத்தை. வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே போய், பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைப்பேன். சூடாக மூச்சு படும்வரை, அத்தைகூட வாயைத் திறக்க மாட்டார்.