ஜோயலும் இ-பதினாலும்

ஜோயல் சாவியைத் திருப்பினான். ஃபோர்க்லிஃப்ட் முனகக்கூட இல்லை. திரையில் மட்டும் ‘இ-14’ என்று சிவப்பாகக் கண்ணடித்தது.

“என்ன மாப்ள, ஸ்டார்ட் ஆவலியா?” என்றார் ஐயாதுரை.

ராஜபாளையத்து பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவர் குடோன் சூப்பர்வைசர். அவர் மகள் ஜாஸ்மினைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் ஜோயல். வருகிற ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க வேண்டும். ஐயாதுரையோ, “பய நல்ல பயதான். ஒல்லிக்குச்சியா இருக்கானே, ஒரு வேலைய உருப்படியாச் செய்வானா?” என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

இன்று டிரைவர் ராக்கப்பன் லீவு. “நான் ஓட்டுதேன் மாமா” என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லைசென்ஸும் கையுமாகப் பறந்து வந்துவிட்டான் ஜோயல். தூத்துக்குடி லாரியில் மதியத்துக்குள் நாற்பது பேல் துணிக்கட்டு ஏற்றிக் காட்டினால் ஓலை உறுதி.

வண்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் மொழி.

“டீலருக்கு போன் போடட்டா?”

“எதுக்கு மாமா? இதெல்லாம் எனக்கு அத்துப்படி.”

அத்துப்படி என்று அவன் சொன்னது செல்போனை நம்பித்தான். அது, ‘பிளக்கைப் பாருங்கள்’ என்றது. பிளக்குகளைக் கழற்றி, தேய்த்து, மாட்டி, முகமெல்லாம் கரியோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இ-14.

‘பேட்டரி’ என்றது இன்னொரு வீடியோ. லாரி டிரைவர் சோணைமுத்துவிடம் கெஞ்சி, லாரி பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டினான். அவசரத்தில் எந்த வயர் எதில் உரசியதோ, ஹாரன் அலற ஆரம்பித்தது. அலறல் நிற்கவே இல்லை.

தறியை விட்டுவிட்டு பொன்மணி வெளியே ஓடி வந்தாள். “யாருக்குக் கல்யாண ஊர்வலம்?”

“இன்னும் முடிவாவல” என்றார் ஐயாதுரை கடுப்பாக.

ஜோயல் ஃபியூஸைப் பிடுங்கினான். ஹாரன் நின்றது. திரையும் அணைந்தது. ஃபியூஸைத் திரும்பச் சொருகியதும் முன்னைவிடப் பளிச்சென்று வந்தது இ-14.

“ஏலே, இப்ப என் லாரியுமில்லா கெடையா கெடக்கு!” என்று கத்தினான் சோணைமுத்து.

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ஜோயலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜாஸ்மின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

ஐயாதுரை பொறுமையிழந்து டீலருக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். எது சொன்னாலும் செய்யத் தயாராக, சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாவியைப் பிடித்துக்கொண்டான் ஜோயல்.

“இ-பதினாலு காட்டுதும்மா. காலைலருந்து எல்லாத்தையும் கழத்தி மாட்டியாச்சு.”

மறுமுனையில் இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்:

“ஐயோ, அது ரிப்பேரே இல்ல சார். சீட்ல வெயிட் இல்லைன்னா வண்டி அப்படித்தான் காட்டும். மொதல்ல யாரையாவது ஏறி உக்காரச் சொல்லுங்க.”