மெஷினை நிறுத்திய மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போனபோது எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொன்னேன். பொய் இல்லை, படிக்கத் தெரியும். (எதிராளி பேசினால் புரியுமா என்று யாரும் கேட்கவில்லையே.)

கல்யாணமாகி மூன்றாம் மாதம், மாமனாரின் பனியன் கம்பெனிக்கு ஓர் அமெரிக்கர் வந்தார். எழுபதுகளில் திருப்பூர்ச் சரக்கு அப்போதுதான் கப்பலேறத் தொடங்கியிருந்தது. அவருடைய ஆர்டர் கிடைக்காவிட்டால், புதிதாக இறக்கிய நான்கு மெஷின்களில் இரண்டை மாமா விற்றாக வேண்டும். "மாப்பிள்ளை பேசிக்குவாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

நல்ல மத்தியானம். மெஷின்கள் ஒரே சீராக முனகின. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசு மெதுவாக மிதந்தது. அமெரிக்கர் ஸ்டூலில் உட்கார்ந்து, உலகப் போரில் குண்டு வீசும் விமானத்தின் வால் பகுதியில் துப்பாக்கியோடு தனியாக இருந்ததைச் சொன்னார். சுற்றிலும் மேகமாம், குளிராம். அதற்குமேல் அவர் சொன்னது காதில் ஏறவில்லை. நானும் அந்த மேகத்துக்குள் போய்விட்டேன்.

"என்னங்க மாப்பிள்ளை சொல்றாரு?"

"குளிருச்சாமுங்க மாமா."

"கால் மணி நேரமாவாங்க?"

திரும்பிப் பார்த்தால் அமெரிக்கர் கண்ணை மூடியிருந்தார், கன்னம் நனைந்திருந்தது. பாவம், இந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று, அவர் பின்னாலிருந்த மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.

எல்லா மெஷினும் ஒன்றாக நின்றன. மனிதர் அலறி எழுந்து, என்னை இழுத்துத் தரையில் தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டார். அவர் கால் பட்டுச் சாய்ந்த ஸ்டாண்டிலிருந்து நூல் கோன்கள் எங்கள்மேல் உருண்டன. மாமாதான் ஓடிவந்து சுவிட்சைப் போட்டார். முனகல் திரும்பியதும் என்னைப் பிடித்திருந்த அமெரிக்கரின் கை மெல்லத் தளர்ந்தது.

பிறகு, எனக்கே புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். விமானத்தின் அந்த வாலில் அவருக்கு இன்ஜின் சத்தம்தான் துணை. அது ஒருநாள் நின்றது. கூட இருந்தவர்களில் மூன்று பேர் திரும்பவில்லை. என்மேல் விழுந்தது என்னைக் காப்பாற்றத்தான் என்று புரிந்தபோது, வெட்கத்தோடு உருண்ட கோன்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

ஆர்டர் கிடைத்தது. சின்னதுதான், ஆனால் எந்த மெஷினையும் விற்கவில்லை.

இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியை யாரும் தேடுவதில்லை. "கண்ணுகளா, அப்புச்சியக் கீழ படுக்க வைங்க" என்று சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள். மகளின் பிள்ளைகள் மூன்றும் ஓடிவந்து என்மேல் கவிழ்ந்துகொள்ளும். ஃபேன் மறுபடி சுற்றுகிறவரை ஒன்றும் இறங்காது. நானும் இறங்கச் சொல்வதில்லை.