தராசண்ணையும் பன்னிரண்டு விருந்துகளும்

லண்டனின் லூயிஷாமில் 2009ஆம் ஆண்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளையும் தராசண்ணையின் தராசில் ஏறாமல் தப்பியதில்லை. ஒன்று மட்டும் தப்பியது என்பார் அவர். அது கடைக்கு முன்னால் பஸ்ஸிலேயே போய்விட்டதாம்.

அவருடைய சொந்தப் பெயர் கடையின் உரிமப் பத்திரத்தில் இருந்தது, வேறெங்கும் இல்லை. பதினேழு ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை போட்டிருந்தார். கைப்பிள்ளையோடு யார் வந்தாலும் தராசின் மேல் தோய்த்துக் காயவைத்த துவாய் ஒன்றை விரிப்பார்.

“பிள்ளை, பேபியை வையும். வெண்டிக்காயைப் பிறகு நிறுப்பம்.”

“நேற்றுத்தானே அண்ணை கிளினிக்கில நிறுத்தவை.”

“அவையின்ரை தராசை எனக்குத் தெரியாது.”

தராசில் ஒவ்வொரு மரக்கறிக்கும் ஓர் எண் உண்டு, பிள்ளைக்கு இல்லை. ஆகவே பூசணிக்காயின் எண்ணை அழுத்துவார். அச்சாகி வரும் துண்டைத் தாய் நிறையை மறந்துவிடாதிருக்கப் பிள்ளையின் முதுகில் ஒட்டிவிடுவார். செப்டம்பர் 14, திங்கட்கிழமை, சுகந்தி என்ற இளம் தாயின் மகள் 5 கிலோ 900 கிராம் பூசணிக்காயாகக் கிளினிக்குக்குப் போனாள். தாதி வாசித்துவிட்டு, “இது எந்த ஊர்ப் பூசணி?” என்று கேட்டாராம். சுகந்தி மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை. அண்ணைக்கு அவளுடைய கோபம் கவலையில்லை. “நிறை காணாது தம்பி. ஏழு மாசப் பிள்ளைக்கு நிறை காணாது” என்று கடையில் கணக்கெழுதும் என்னிடம் மூன்று நாளும் சொன்னார்.

இப்படிப்பட்டவர் கண்ணில்தான் அடுத்த ஜனவரியில் அந்தச் செய்தி பட்டது. இந்த நாடு வறிய நாடுகளுக்குக் கொடுக்கும் உதவியில் ஒரு பங்கை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உணவுக்கும் தடுப்பூசிக்கும் பராமரிப்புக்கும் என்று சட்டப்படி ஒதுக்கவேண்டும் எனப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் சட்டமூலம் கொண்டுவந்திருந்தார். அண்ணை அதை எட்டுப் பக்கத்தில் அச்செடுத்து, புளி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். நாலாம் பிரிவுக்கு வரும்போது பாதிப் பேர் புளியே வேண்டாம் என்று போய்விடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், உறுப்பினர்கள் தனியாகக் கொண்டுவரும் அப்படியான சட்டமூலங்கள் வெள்ளிக்கிழமைகளில்தான் விவாதத்துக்கு வரும். எதிர்ப்பவர் ஒருவர் எழுந்து பிற்பகல் இரண்டரை மணிவரை பேசிக்கொண்டே இருந்தால் காரியம் முடிந்தது. அவருடைய வாயை மூட நூறு பேர் சபையில் இருந்து வாக்களிக்கவேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமையென்றால் எம்.பி.மார் தொகுதிக்குப் போய்விடுவார்கள். எங்கள் எம்.பி.க்கு அண்ணை இரண்டு கடிதம் போட்டார். ‘வெள்ளிக்கிழமை என் தொகுதி மக்களுக்கு உரியது’ என்று இரண்டு தடவையும் ஒரே பதில்.

“தம்பி, அவர் வெள்ளிக்கிழமை ஆரைப் பார்க்க வாறார்?”

“எங்களைத்தான்.”

“நாங்கள் வரேல்லையெண்டா?”

திட்டம் எளிது. நூலக மண்டபத்தில் அவரைச் சந்திக்க மொத்தம் பன்னிரண்டு இடங்கள். பன்னிரண்டையும் கடைக்கு வரும் தமிழாட்களை வைத்து நாங்களே பதிவது. வியாழக்கிழமை பன்னிரண்டு பேரும் வரமுடியாது என்று சொல்லிவிடுவது. வேலையில்லாத எம்.பி. பாராளுமன்றத்திலேயே இருப்பார். அட்டவணையை நான் தயாரித்தேன். யார் எத்தனை மணிக்குத் தொலைபேசி எடுப்பது, என்ன குறை சொல்லிப் பதிவது, என்ன காரணம் சொல்லி நிறுத்துவது என்று எல்லாம் அதில் இருந்தன. சுவரில் ஈரம் மூன்று, பஸ் தரிப்பிடம் இரண்டு, பக்கத்து வீட்டு நாய் ஒன்று, மீதி சில்லறைக் குறைகள். வியாழன் பிற்பகல் 3.40க்குப் பன்னிரண்டும் நின்றுவிட்டன. அண்ணை எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

வெள்ளி, 12.35. கடைக் கதவு திறந்தது. உள்ளே வந்தவர் எம்.பி.

முகம் மலர்ந்திருந்தது. கையில் அவருடைய உதவியாளர் எழுதிய தாள். இத்தனை வருட அரசியலில் இப்படியோர் அன்பைக் கண்டதில்லை என்றார். எந்த வீட்டில் தொடங்குவது என்று கேட்டார். அண்ணை தாளை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு பெயர், ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ‘இன்று’ என்று நாள் போட்டு ஒரு விருந்து அழைப்பு.

“ஆர் தம்பி இந்தாளைச் சாப்பிடக் கூப்பிட்டது?”

நான் தாளை எட்டிப் பார்த்தேன். நாலாவது நான். இடியப்பமும் சொதியும்.

“வராதேங்கோ எண்டு மொட்டையா எப்பிடி அண்ணை சொல்லுறது? மரியாதைக்கு இன்னொரு நாளைக்கு வீட்டை வாங்கோ, சாப்பிடுவம் எண்டன்.”

“மரியாதை! பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளிலயே மரியாதை வரோணும்?”

“முதலாவது பேரைப் பாருங்கோ அண்ணை.”

முதலாவது அவர்தான். புட்டும் மீன்குழம்பும்.

அண்ணை ஒரு கணம்தான் நின்றார். பிறகு, எங்கள் ஆட்கள் எவரும் விருந்தாளிக்குச் செய்யாத ஒன்றைச் செய்தார். “சேர், சாப்பாடு இல்லை. ஓடுங்கோ” என்றார். நான் ஆங்கிலத்தில் சட்டமூலத்தையும் நூறு பேரையும் இரண்டரை மணியையும் விளக்கினேன். எம்.பி., அப்படியானால் உங்கள் சுவரின் ஈரம் என்னாவது என்று கேட்டார்.

“சுவர் நிக்கும் சேர். பிள்ளையள் நிக்காதுகள்.”

எம்.பி. அண்ணையைப் பார்த்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

அவசரம் வந்தால் அண்ணைக்கு ஜெர்மன் வரும். விரைவாக என்பதற்கு “ஷ்நெல்! ஷ்நெல்!” என்று கத்திக்கொண்டு ஏப்ரனோடு முன்னால் ஓடினார், நடுவில் எம்.பி.; பின்னால் ஆறு மீன் ரோல்ஸ் கட்டிய பொதியோடு நான். 1.06 ரயில். கதவு மூடும் முன் அண்ணை பொதியைத் திணித்தார். “சாப்பிடுங்கோ. ஆனா சாப்பிட்டுக்கொண்டிருந்து இறங்க மறந்துபோடாதேங்கோ!”

3.10க்குத் தொலைபேசி அடித்தது. எம்.பி.தான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து வாக்களித்தாராம். நூறு சேரவில்லை. இரண்டரைக்கு மணி அடித்தபோதும் எதிர்ப்பவர் பேசிக்கொண்டே இருந்தாராம்.

“நூறுக்கு எத்தினை பேர் காணாமப் போச்சு சேர்?”

பதினொரு பேர்.

அண்ணை தொலைபேசியை வைத்தார். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

“மற்ற எம்.பி.மாரின்ரை தொகுதியளிலை, நோர்பரியிலை எங்கடை ஆக்கள் இருக்கினம் என்ன?”

“இருக்கினம்.”

“குட்மேய்ஸிலை?”

“நிறைய.”

“அப்ப அடுத்த முறைக்கு அட்டவணை போடும். ஆனா ஒருத்தரும் ஒருத்தரையும் சாப்பிடக் கூப்பிடப்படாது. அதை மேலை பெரிசா எழுதும்.”

எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சுகந்தி, மகளோடு. தானே துவாயை எடுத்துத் தராசில் விரித்துப் பிள்ளையை வைத்தாள். அண்ணை எழுந்து வந்து எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். துண்டு அச்சாகி வந்தது. இம்முறை அதைப் பிள்ளையின் முதுகில் ஒட்டாமல் தன் ஏப்ரனில் ஒட்டிக்கொண்டார்.

நான் எதையும் எழுதாமல் விடுகிறவன் அல்ல. ஆனால் அன்றைய நாட்குறிப்பில் சட்டமூலம் விழுந்த கதை இல்லை. ‘மாலை 4.20. சுகந்தியின் மகள், 7 கிலோ 400. கடை மூடும்வரை அண்ணை அந்தத் துண்டைக் கழற்றவில்லை.’ அவ்வளவுதான் இருக்கிறது.