ஏழாம் பாகம் எடுத்தவர் யார்?

சந்திரகாந்தி தமிழ்க் கடையில் தேங்காய்ப்பால் ரின்களுக்குப் பின்னால் குனிந்து நின்று, வெண்டிக்காய் பொறுக்கும் ஓர் இளைஞனைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பெயர் சஞ்சயன். ஊர் ஜெர்மனியின் மேற்கிலுள்ள கெல்சென்கிர்ச்சன், வேலை இங்கே பேர்லினில். அவளுடைய மகள் தேனுஜாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை. சம்பந்தம் என்றால் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம்தான். ஆனால் சந்திரகாந்தி நாலு பேரை நம்புகிறவள் அல்ல. சீனாவில் செங்டு நகரத்தில் தனி ஆளாகத் துப்பறியும் சூ யான் என்ற பெண்ணின் கதைகளில் ஆறு பாகத்தை நூலகத்தில் எடுத்து, ஜெர்மன் மொழியிலேயே வாசித்து முடித்தவள். ஏழாம் பாகத்தை மட்டும் யாரோ எடுத்துப்போய் ஒரு வாரமாகிறது.

முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் அவள் துப்பறிந்த அழகில்தான் முறிந்தன. "அம்மா, இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. பின்னால திரிஞ்சு குழப்பினியள் எண்டால் நான் கலியாணமே கட்டமாட்டன்," என்று தேனுஜா காலையில் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பிள்ளை. பிடிபடாமல் பார்த்தால் போகிறது என்று தாய் தன்னையே தேற்றிக்கொண்டாள்.

அப்போது அவளது முழங்கை பட்டு ஒரு ரின் உருண்டு சஞ்சயனின் காலடியில் போய் நின்றது.

"அன்ரி, உங்கட ரின்," என்று எடுத்து நீட்டினான்.

முகத்தைக் கண்டுவிட்டால் கோலத்தை மாற்று என்பது சூ யானின் முதல் பாடம். சந்திரகாந்தி மேலங்கியை உட்புறம் வெளியே தெரிய மாற்றிப் போட்டு, சால்வையால் தலையை மூடிக்கொண்டு பின்னால் ஓடினாள். பஸ் வந்தது. அவன் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு சாரதியிடம் ஏதோ கேட்டபடி நின்றான். அவள் மூச்சு வாங்க ஏறிய பிறகுதான் கதவு மூடியது. இவ்வளவு நேரம் என்ன கதை? அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"அன்ரி, இதில இருங்கோ," என்று, உட்கார்ந்த உடனேயே எழும்பி இடம் விட்டான்.

"நான் வேற ஆள்," என்றாள் சந்திரகாந்தி.

"ஓம் அன்ரி."

அதோடு வாயை மூடியிருக்கலாம். "என்ர பேர் மகாதேவி. எனக்குப் பிள்ளையளும் இல்லை," என்று சேர்த்துச் சொன்னாள்.

"சரி அன்ரி. நான் முருகன் கோயிலடியில இறங்கப்போறன்," என்றான் அவன், கேட்காமலேயே.

கோயிலில் அவள் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. எட்டு வருடமாக வெள்ளி தவறாமல் அர்ச்சனை செய்விக்கிறவளிடம் பேர், நட்சத்திரம் கேட்கும் தேவை ஐயருக்கு இல்லை. தூணோரம் சால்வை தெரிந்ததும் கணீரென்று தொடங்கிவிட்டார்.

"சந்திரகாந்தி, உத்தர நட்சத்திரம். மகள் தேனுஜா, பூரட்டாதி நட்சத்திரம். பிள்ளைக்குக் கெதியாக் கலியாணம் ஒப்பேற வேணும்."

பக்கத்தில் நின்ற சஞ்சயன் கண்ணை மூடி, கைகூப்பிக் கும்பிட்டான். பிறகு திருநீற்றைப் பூசிக்கொண்டு, தூணின் பக்கம் திரும்பியும் பாராமல் போய்விட்டான்.

சந்திரகாந்திக்குக் கண் கலங்கியது. மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டாள். நேரே நூலகத்துக்குப் போய், இரண்டாம் தரம் வாசிக்க எடுத்துக் கைப்பையில் வைத்திருந்த ஆறாம் பாகத்தை, அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணின் மேசையில் வைத்தாள்.

"வெரோனிக்கா, இனி உந்தச் சனியன் எனக்கு வேண்டாம்."

"ஏனக்கா? ஏழாம் பாகம் நேற்றுத்தான் திரும்பி வந்தது. உங்களுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன்," என்று வெரோனிக்கா புத்தகத்தை நீட்டினாள். "கெல்சென்கிர்ச்சன் தம்பி ஒராள் முதலாம் பாகத்தில இருந்து எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சிட்டார். ஏன் இவ்வளவு அவசரமெண்டு கேட்டன். 'மாமி இதுகளைப் படிச்சவ, எப்பிடியும் பின்னால வருவா, வழியில அவவைத் தவறவிட்டிடக் கூடாது' எண்டு சொன்னவர்."