சமத்துவத்தின் இரண்டு படிகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் சோம்பிக் கிடந்துவிட்டு, கடைசியில் 'இளம் தலைவர்'களைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது கண்டுபிடிப்பின் பெருமை முழுவதும், ஒரு நகரத்தில் குளியலறை ஓடு விற்றுப் பெரும் செல்வரான ஒருவரையே சேரும். ஊர் அவரை வள்ளல் என்று அழைத்தது. முதலில் அப்படி அழைத்தது அவருடைய அறக்கட்டளைதான். ஊர் பிறகு பழகிக்கொண்டது.

நகரத்து ஏழைப் பிள்ளைகளிடம் தலைமைப் பண்பு இல்லை என்பது வள்ளலுக்கு ஒரு நாள் குளியலறையில் திடீரென்று உறைத்தது. அவர்களிடம் வேறு சிலவும் இல்லை என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். வள்ளல் சில்லறை விஷயங்களில் கவனம் சிதறுகிற ஆள் இல்லை. 'கல்விச் சமத்துவத்துக்கான இளம் தலைமை இயக்கம்' அன்றே உதயமாயிற்று.

அந்த இயக்கத்தின் மேலாளர் மேடம் ஒரு காலை நேரத்தில், தண்டவாளத்துக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பள்ளி இறுதி வகுப்பில் கணக்குப் பாடவேளை நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்றால், கணக்கைத் தவிர மற்றதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. கணக்கு சார் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே காணாமல் போயிருந்தார். அவருக்குப் பதிலாக விளையாட்டு சார் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாம யோசிங்க" என்பார். எதை யோசிப்பது என்று சொல்ல மாட்டார்.

"உங்கள்ல யாருக்குக் கஷ்டம் அதிகம்?" என்று மேடம் கனிவோடு கேட்டார்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு பெண் மட்டும் கையைத் தூக்காமல் எழுந்து நின்றாள். வீட்டில் அவளைப் 'பெரியவள்' என்பார்கள். இரண்டு வகுப்பு கீழே படிக்கும் தங்கை 'சின்னவள்'.

"மேடம், எங்களுக்குக் கணக்கு சார் எப்ப வருவார்?"

மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பாத்தீங்களா! கேள்வி கேக்கறா! இதுதான் நாங்க தேடிக்கிட்டிருந்த தலைமைப் பண்பு!"

பெரியவள் அங்கேயே அப்போதே தலைவராகத் தேர்வானாள். கேள்விதான் தேர்வாயிற்று, பதிலுக்கு இயக்கத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் அம்மாவுக்கு இது புரியவில்லை.

"தலைவின்னா எதுக்குடி தலைவி?"

"தெரியலம்மா. சும்மா தலைவிதான்."

"சம்பளம் கிம்பளம் உண்டா?"

"டீயும் பிஸ்கட்டும் உண்டாம்."

"அப்ப எங்க யூனியன் தலைவர் மாதிரின்னு சொல்லு."

சிரித்தாலும் அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டுவிட்டார்: "உங்க பெரிய பொண்ணு பரீட்சையில தேறலைன்னா இங்க கூட்டிட்டு வாங்க. பொத்தான் பிரிவுல ஆள் வேணும்." பெரியவள் மற்ற பாடங்களில் தேறிவிடுவாள். கணக்கில்தான் பொத்தான் காத்துக்கொண்டிருந்தது.

முதல் சனிக்கிழமைப் பயிற்சி ஓர் ஓட்டலின் குளிரூட்டிய கூடத்தில் நடந்தது. காலடிச் சத்தமே கேட்காத கம்பளம். சுவரெல்லாம் வண்ண வண்ண ஒட்டுச்சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கனவு. வேறு வேறு பள்ளிகளிலிருந்து வந்த தலைவர்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர், கையில் கம்பளி நூல்கண்டோடு, "இந்த நூல்தான் நம்பிக்கை! பிடிச்சவங்க அடுத்தவங்ககிட்ட வீசுங்க!" என்று குதித்துக்கொண்டிருந்தார்.

நூல்கண்டு பறந்து வந்து பெரியவளின் காலடியில் விழுந்தது. அவள் குனியவில்லை. நீலச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கணக்கு சார்?"

கணக்கு சார் தலைமறைவாகிவிட்டார் என்றுதான் பள்ளிக்கூடம் நம்பியிருந்தது. மனிதர் மறைந்திருந்தது தலைமைக்குள்.

தேநீர் இடைவேளையில் அவரைத் தூணோரம் மடக்கினாள்.

"எங்கள அம்போன்னு விட்டுட்டு இங்க நூல் வீசிக்கிட்டிருக்கீங்களா சார்?"

"சத்தமா பேசாதம்மா. நான் இப்ப சார் இல்ல. முதுநிலை சமத்துவ வழிநடத்துநர்."

"அப்படின்னா என்ன வேலை?"

"அது எனக்கே இன்னும் முழுசா பிடிபடல." பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார், அது உடைந்து உள்ளே விழுந்தது. "தப்பா நினைக்காத. அங்க வாங்கின சம்பளம் வாடகைக்கே பத்தல. இங்க மூணு மடங்கு. மாமனார் வீட்டுல இப்பதான் எனக்கு நாற்காலியே போடறாங்க."

"பரீட்சை வருது சார்."

அவருடைய விரல் தூணின் மேல் தானாக ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பெரியவள் பார்த்தாள். வகுக்கும் கோடு. நூல் வீசி வீசி மனுஷன் கணக்குப் பசியில் காய்ந்து கிடந்தார்.

"நீங்க வர வேண்டாம் சார்," என்றாள். "நாங்க வர்றோம்."

அதே வாரம் அவள் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய், மேலாளர் மேடம் முன்னால் பணிவாக உட்கார்ந்தாள்.

"மேடம், எங்க வகுப்புல எல்லாருமே தலைவராகணும்னு துடிக்கிறாங்க."

"எல்லாருமா?" மேடத்துக்குக் கண் கலங்கியது. புகைப்படத்தில் காலி நாற்காலிகள் விழுந்துவிடாமலிருக்க அவர் சனிக்கிழமைதோறும் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். உடனே ஒரு தத்துவச் சந்தேகமும் அவருக்கு எழுந்தது. "எல்லாரும் தலைவரானா, பின்னால யாரும்மா போவாங்க?"

"முறை வச்சுப் போவோம் மேடம்."

"இதுதான் சமத்துவம்!" என்றார் மேடம்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒரு முழு வகுப்பு ஓட்டலுக்குள் படையெடுத்தது. முதல் கால் மணி நேரம் நூல் வீசினார்கள். புகைப்படக்காரர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கணக்குப் போட எழுதுபலகையைத் திருப்பினார்கள். முதல் நாள் முதுநிலை சமத்துவ வழிநடத்துநர் சாத்திய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "நீ என் வேலைக்கு உலை வைக்கிற" என்று பெரியவளிடம் சொல்லிக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தார். பாதிப் பலகை நிறைவதற்குள் குரல் ஏறிவிட்டது. "பின் பெஞ்சு! அங்க என்ன பேச்சு?" என்று கத்தினார். அங்கே பெஞ்சே இல்லை. மெத்தை வைத்த நாற்காலிகள்தான். பையன்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை மாதமாயிற்று, உருப்படியாகத் திட்டு வாங்கி!

ஒரு சனிக்கிழமை கதவு தட்டாமல் திறந்தது. மேலாளர் மேடம், அவருக்குப் பின்னால் புகைப்படக்காரர், நடுவில் சாட்சாத் வள்ளல்.

பலகை முழுக்க இருபடிச் சமன்பாடுகள். திருப்ப நேரமில்லை. கணக்கு சாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மூன்று மடங்கு சம்பளமும் மாமனார் வீட்டு நாற்காலியும் அவர் கண் முன்னால் ஒன்றாகச் சரிந்தன.

வள்ளல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பலகையின் தலைப்பை வாசித்தார். "இருபடிச்... சமன்... இது என்னது?"

பெரியவள் எழுந்தாள்.

"சமத்துவத்தோட இரண்டு படிகள் சார். படிப்படியா சமன் செய்யறோம். இந்தப் பக்கம் இருக்கறதும் அந்தப் பக்கம் இருக்கறதும் ஒண்ணாகிற வரைக்கும் விட மாட்டோம்."

"ஆகா!" என்றார் வள்ளல். "அப்ப இந்த எக்ஸ்?"

"இன்னும் கண்டுபிடிக்கப்படாத தலைவர் சார். நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்."

"அந்த ஒய்?"

"ஏன்னு கேக்கற மனப்பான்மை சார். ஒய்?"

வள்ளல் மேலாளர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். "குளியலறையில எனக்குத் தோணின அதே சிந்தனை! அச்சு அசலா அதே!" என்றார். பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் நாளிதழில் அவர் தலைக்கு மேல் எக்ஸின் மதிப்பு தெளிவாகத் தெரிந்தது. அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

பரீட்சை வந்தது, முடிவும் வந்தது. வகுப்பு முழுவதும் கணக்கில் தேறியிருந்தது. பெரியவள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, கம்பெனி வாசலில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா சூப்பர்வைசரிடம் போய், "பொத்தானுக்கு வேற ஆள் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதைச் சொல்லும்போது அவள் நின்ற நிற்பைப் பார்த்திருந்தால் அறக்கட்டளை அவளையும் தேர்வு செய்திருக்கும்.

இத்தகைய சாதனையை உலகம் சும்மா விடுமா? பாராட்டு விழா அதே ஓட்டலின் பெரிய அரங்கில் நடந்தது. 'கணக்கு ஆசிரியரே இல்லாமல் கணக்கை வென்ற தலைவர்கள்!' என்று மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கல்வித் துறை அதிகாரி வந்திருந்தார். முதல் வரிசையில் கணக்கு சார் புதுக் கோட்டுக்குள் சுருங்கி உட்கார்ந்திருந்தார். பெரியவளைப் பேச அழைத்தார்கள். அவள் பின்னாலிருந்த எழுத்தை ஒரு தடவை படித்தாள். முன் வரிசையைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். அவருக்கு நஷ்டம் வராமல் எவ்வளவு உண்மையைச் சொல்ல முடியுமோ அவ்வளவையும் சொல்லிவிட முடிவு செய்தாள்.

"நாங்க தலைமையெல்லாம் படிக்கல," என்றாள். "கணக்குதான் படிச்சோம். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தாங்க; அதனால தேறினோம். ஆள் இல்லாம எங்களால முடிஞ்சிருக்காது. தயவுசெஞ்சு எங்க பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் போடுங்க. எனக்குப் பின்னால பிள்ளைங்க படிக்கிறாங்க."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வள்ளல் மைக்கை வாங்கித் தழுதழுத்த குரலில் சொன்னார்: "என்ன தன்னடக்கம் பாத்தீங்களா! செஞ்ச சாதனை எதையும் தன்னோடதுன்னு சொல்லல பாருங்க. இதுக்குப் பேர்தான் தலைமை!"

"தன்னடக்கம் இல்ல சார், நெசமாவே..." என்று அவள் தொடங்கினாள். "மறுபடியும் பாருங்க!" என்றார் வள்ளல். கைதட்டல் இன்னும் பலத்தது.

அடுத்து கல்வி அதிகாரி பேசினார். வாத்தியாரே இல்லாமல் முழுத் தேர்ச்சி பெற முடியும் என்பதை இந்தப் பள்ளி நிரூபித்துவிட்டதால், அங்கே காலியாக இருந்த கணக்கு ஆசிரியர் பணியிடம் இனித் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டுள்ளதாகப் பெருமிதத்தோடு அறிவித்தார். இதே முன்மாதிரியை இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் விரிவுபடுத்துவது அரசின் பரிசீலனையில் இருக்கிறதாம். முதல் வரிசையிலிருந்த பள்ளியின் வேதியியல் டீச்சர், அடுத்த நாற்காலியிலிருந்த கணக்கு சார் பக்கம் சாய்ந்தார். "உங்க அறக்கட்டளையில இன்னும் ஆள் எடுக்கறாங்களா சார்?" என்று கேட்டார்.

மேடையிலிருந்த பெரியவள் நினைவுப் பரிசை யார் கையிலோ திணித்துவிட்டு இறங்கி ஓடி, மேலாளர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், என் தங்கச்சி அங்கதான் படிக்கறா. இன்னும் ரெண்டு வருஷத்துல அவளுக்கும் பரீட்சை. வாத்தியாரே இல்லைன்னா அவ கதி என்ன மேடம்?"

மேடம் அவள் கண்களைத் துடைத்துவிட்டார். அந்த விரல்களில் உண்மையான பாசம் இருந்தது.

"நீ எதுக்குக் கண்ணு கவலைப்படற? வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குத்தான் நாங்க முன்னுரிமையே கொடுக்கிறோம். இவ்வளவு நாள் உன் தங்கச்சிக்கு அந்த ஒரு தகுதிதான் கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு. எப்பவாவது புது வாத்தியாரைப் போட்டுடுவாங்களோன்னு எனக்கே பயம். இன்னிக்கு அதுவும் தீந்துபோச்சு."