சிவப்புக் காருக்குச் சுண்டைக்காய் வைத்த விவரம்

சிதம்பரம்,
12.10.2011

மதிப்பும் அன்பும் மிக்க மாப்பிள்ளை அன்புமணி அவர்களுக்கு மாமனார் பொன்னுரங்கம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியார் ஞானாம்பாளும் நலம். சிங்கப்பூரில் நீங்களும் பவானியும் நலமாயிருக்க வேண்டும். இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் ஞானாம்பாள் போனை வாங்கிக்கொள்கிறாள். மேலும், சர்க்கரை ஆலை ஆய்வுக்கூடத்தில் காலமெல்லாம் கரும்புச் சாறு சோதித்தவன் நான். எண் போட்டு எழுதினால்தான் எனக்கே எதுவும் விளங்கும். ஆகவே எழுதப்போகும் விஷயங்கள்:

1. தங்கள் பொம்மைக் கார்களின் (மன்னிக்கவும், மாடல் கார்களின்) விலை ஏறியது பற்றி நான் புரிந்துகொண்டது.
2. ஆயுத பூஜையன்று சிவப்புக் காருக்கு நடந்தது.
3. புதுச்சேரி லூர்துசாமி அவர்கள் வந்து பார்த்தது.
4. மற்ற ஆறு கார்களும் பெட்டி பிரிக்கப்படாமல் பத்திரமாக இருப்பது.
5. யார் மீதும் கோபப்பட வேண்டாம் என்ற வேண்டுகோள். (இதை முதலில் போட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.)

முதல் விஷயம். கடலூரில் தங்கள் வீட்டுக்கு வரும் உப்புக் காற்றில் உலோகம் பூத்துவிடும் என்று ஏழு கார்களையும் எங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து அது என் அரைஞாண் கயிற்றோடுதான் இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில் காலண்டர் ஆணியில் தொங்கியது. போன மாதம் போனில், ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய சிவப்புக் கார் இப்போது நாற்பதாயிரம் என்றீர்கள். ஜெர்மன் கம்பெனிக்காரன் ரெண்டாயிரம் கார் மட்டும் செய்து அச்சை உடைத்துவிட்டானாம், ஆகையால் விலை இன்னும் ஏறுமாம், ஆனால் பெட்டியின் சீல் பிரிந்தால் பாதி போய்விடுமாம். ஏழு கார்களையும் விற்றால் கடலூர் முதுநகரில் நண்பருடைய ஐஸ் பேக்டரியில் பங்கு வாங்கிக்கொண்டு பொங்கலோடு ஊருக்கே வந்துவிடலாம் என்றும் சொன்னீர்கள். பவானி வரப்போகிறாள் என்றதும் ஞானாம்பாள் அன்றே மாடி அறையை ஒழித்துவிட்டாள். விலை விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. "யாரும் தொடாத பொருளுக்குத்தான் விலை ஏறும்" என்று பொறுமையாக விளக்கினேன். "நீங்க ரிட்டயர் ஆனதிலேர்ந்து உங்கள யாரும் தொடல. உங்க வெல ஏறலியே?" என்றாள்.  

இரண்டாவது விஷயம். ஆயுத பூஜைக்கு என் மைத்துனன் தேவநாதன் கடலூரிலிருந்து வந்திருந்தான். பழைய வண்டி வாங்கி விற்கும் தொழில் என்பது தங்களுக்குத் தெரியும். காருக்கு நாற்பதாயிரம் என்றதும் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "மாமா, இந்தக் காசுக்கு ஓடுற மாருதி தரேன், அஞ்சு பேரு ஏறலாம். இதுல ஒரு பல்லி ஏறலாம், அதுவும் ஒத்தப் பல்லி" என்றான். ஞானாம்பாள் அவனிடம், "ஏண்டா, அப்ப இதுவும் வண்டிதானே?" என்று கேட்டாள். அவன் தொழில்முறையில் யோசித்து, "வெலையப் பாத்தா வண்டிதாங்க்கா" என்றான். என் வாழ்க்கையில் ஒரு தீர்ப்பு இவ்வளவு சீக்கிரம் அமலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. வண்டி என்றால் பூஜை போடாமல் விடக் கூடாது, அதுவும் விற்கப்போகிற வண்டி, நல்ல விலைக்குப் போனால்தான் பொண்ணு வருவா, என்று சொல்லிக்கொண்டே காலண்டர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துவிட்டாள். செய்யலாமா கூடாதா என்று நான் மனதுக்குள் இரு பக்கமும் எடைபோட்டு, கூடாது என்ற முடிவுக்கு வந்து வாயைத் திறந்தபோது சீல் கிழியும் சத்தம் கேட்டது.

அடுத்து நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. காரைக் கழுவக் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். சிதம்பரம் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, பெயிண்டில் திட்டு விழும், என் படிப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான் சரி என்று சொல்லிவிட்டேன். தேவநாதன் ஓடிப்போய் ஒரு கேன் வாங்கிவந்தான். அந்த நிமிஷம் முதல் நான் எதிர்க்கட்சி இல்லை, மாப்பிள்ளை. சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், முன்னால் ஒரு முழம் கதம்பம் சாத்தினார்கள். அரை முழக் காருக்கு ஒரு முழப் பூ, கார் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. "ஆர்.சி. புக்கு எங்க மாமா?" என்றான் தேவநாதன். பெட்டியில் நம்பர் போட்ட ஒரு சான்றிதழ் அட்டை இருந்தது. அதற்கும் நாலு மூலையில் மஞ்சள் தடவினார்கள். பிறகு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சக்கரத்தைவிடப் பழம் பெரியது. நாலு பழத்தின் மேல் கார் பரணில் ஏறியது போல நின்றது. தேவநாதன் பின்னாலிருந்து விரலால் தள்ளினான், நகரவில்லை. "பிக்கப் இல்ல" என்றான். ஞானாம்பாள் கொஞ்சமும் கலங்காமல் சமையலறைக்குப் போய்ச் சுண்டைக்காய் கொண்டுவந்தாள். நாலு சுண்டைக்காயும் பட்பட்டென்று நசுங்கின. பூசணிக்குப் பதில் கோவைக்காயைச் சுற்றித் தெருவில் உடைத்தோம். எதிர்வீட்டு அமிர்தம் வந்து, "புது வண்டியா? என்ன வண்டி?" என்று கேட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார். அதற்கப்புறம் மற்ற பெட்டிகளை எடுக்க ஞானாம்பாள் திரும்பினாள். நான் பீரோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் குறுக்கே நான் நின்றது அதுதான் முதல் தடவை. அவளும் அதிர்ச்சியில் விட்டுவிட்டாள். நான்காவது விஷயத்துக்கு ஆதாரம் இதுவே.

மூன்றாவது விஷயம். ஞாயிற்றுக்கிழமை, காரை வாங்குவதற்காகத் தாங்கள் சொல்லிவைத்த லூர்துசாமி அவர்கள் வந்தார். கைகளில் வெள்ளைக் கையுறை, பையில் பூதக்கண்ணாடி. வரும் வழியெல்லாம், சீல் பிரியாத சிவப்பு தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே வந்தாராம். காரைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். "என்னாங்க இது மஞ்சளா?" என்றார். "சந்தனங்க. நல்லதுதான்" என்றாள் ஞானாம்பாள்.  ஐஸ் பேக்டரி போச்சு, பொண்ணு வர்றது போச்சு, எல்லாம் நம்ம பேட்டரி தண்ணியால போச்சுன்னு சுவத்தப் பாத்து நின்னுட்டேன் மாப்ளே. அவர் நெடுநேரம் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். டயரின் கோடுகளுக்குள் சுண்டைக்காய் விதை ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சார், கம்பெனி தப்பா பெயிண்ட் அடிச்ச பீஸுக்கு மூணு மடங்கு குடுக்கறாங்க, தெரியுமா? ஏன்னா அது ஒண்ணுதான் இருக்கும். இந்த மாடல் உலகத்துல ரெண்டாயிரம். பூஜை போட்டது ஒண்ணே ஒண்ணு. அம்பதுக்கு எடுத்துக்கறேன்" என்றார். ஞானாம்பாள், "அறுபது" என்றாள். அவர் ஐம்பத்தைந்து என்றார். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு துளி சந்தனமும் உதிரக் கூடாது, விதை அப்படியே இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு கண்ணாடிப் பெட்டியும் பணமுமாக வருகிறார். சீல் பிரியாத மற்ற ஆறையும் அன்றே பார்த்து விலை பேசுவதாகவும் சொன்னார். தொட்டதற்காக விலை ஏறியது என்றால் முதல் விஷயத்தில் நான் விளக்கியது சரியா தப்பா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். எப்படியோ, நீங்கள் டிக்கெட்டுக்குச் சொல்லிவிடலாம்.

ஐந்தாவது விஷயத்துக்கு இனி அவசியமில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் எண் போட்டுவிட்டதால் இருக்கட்டும்.

திருவந்திபுரம் தேவநாத சுவாமி உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், எனக்குக் கொஞ்சம் தைரியமும் அருள வேண்டும். பவானிக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்குத் தங்கள் மாமனார்,
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடிப் பின்கட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பணம் கொண்டுவருகிற மனிதர் அழுக்கு வண்டியைப் பார்த்து மனம் மாறிவிடக் கூடாதே என்று, குத்துவிளக்கு துலக்குகிற கையோடு ஞானாம்பாள் சிவப்புக் காரையும் புளி, செங்கல் தூள் போட்டுத் தேங்காய் நாரால் துலக்கிவிட்டாள். கரைத்த புளி வீணாகக் கூடாது என்று மற்ற ஆறு பெட்டிகளையும் பிரித்துத் துலக்கிவிட்டாள். "இப்பதாங்க காரு மாதிரி இருக்கு, பவானி வந்து பாத்தா அசந்துபோவா" என்கிறாள். கார் செய்த துத்தநாகக் கலவைக்குப் புளி ஆகாது என்பது எனக்குத் தெரியும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கடிதம் முழுவதையும் மாற்றி எழுதத் தாள் இல்லை. ஆகவே நான்காவது விஷயம் தவறு என்று கொள்ளவும். ஐந்தாவதை மட்டும் இன்னொரு முறை படிக்கவும். சிவப்பு என்று எழுதியுள்ள இடங்களிலெல்லாம் வெள்ளி என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.